இரண்டாவது கடிதம்

ஜனவரி 9, வியாழன்
மகள் சாம்பவிக்கு அந்தத் தனியார் பெண்கள் பள்ளியில் இடம் வேண்டுமென்றால் பழைய மாணவிகள் இரண்டு பேர் கடிதம் தரவேண்டும். நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி என்னத்தை எழுதுவது? ஒன்று என் ஒபிஸில் வேலைசெய்யும் கதரீன் தந்துவிட்டாள். மற்றதுக்கு விட்பி நகரில் இருக்கும் டொக்டர் துர்க்காதான். அவவும் அங்கே படித்தவ; முன்பின் தெரியாது, நம்பர் கதரீன் தந்தது. டெக்ஸ்ட் பண்ணினேன். "ஷுவர் அக்கா. அம்மாவோட ஒருக்காக் கதையுங்கோ."
அம்மாவோடா? ஏன்?

ஜனவரி 12, ஞாயிறு
தாய் யோகராணி அன்ரி பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.
"ஊரிலை எவடம் பிள்ளை?"
சொன்னேன்.
"அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ, கடற்கரையோ?"
"கோயிலடி அன்ரி."
"அப்ப எங்கடை ஆக்கள்தான். உம்மடை அவரும் அங்கையோ?"
சாதியைத்தான் கேட்கிறா. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, ஸ்காபரோவில், ஸ்பீக்கர் போனில்.
"ஓம் அன்ரி" என்றேன்.
வாகீசன் கடற்கரைப் பக்கம். பக்கத்து சோபாவில்தான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். இந்த மனுசனைக் கட்டத்தானே என்ரை வீட்டோடை அந்தச் சண்டை பிடிச்சனான்?

ஜனவரி 13
வழக்கம்போல எனக்கும் தேத்தண்ணி போட்டுவைத்துவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போனார். இதைவிட என்னோடு கத்தியிருக்கலாம்.

ஜனவரி 17, வெள்ளி
துர்க்காவின் கடிதம் ஈமெயிலில் வந்தது. சாம்பவியைப் பிறந்ததிலிருந்து தெரியுமாம். நல்ல குடும்பமாம். கண்டதேயில்லை! அவவிலை அருவருப்பு, தாயிலை அருவருப்பு, எல்லாத்தையும் விட என்னிலை — சீ.
வாகீசன் பின்னால் நின்று வாசித்திருக்கிறார்.
"அனுப்பும். பிள்ளைக்குத்தானே," என்றார். பிறகு, "ஆனா அங்கை பேரன்ட்ஸைக் கூப்பிட்டா நீர் மட்டும் போம். நான் வரேல்லை."
அனுப்பவில்லை.

ஜனவரி 18, சனி
அன்ரிக்குப் போன் எடுத்தேன். "இவர் கடற்கரைப் பக்கம் அன்ரி. அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன்."
"அதுக்கென்ன பிள்ளை, இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்?"
பின்னேரம் துர்க்காவின் டெக்ஸ்ட். யோசிச்சுப் பார்த்தாவாம். பிள்ளையை நேரிலை காணாமல் எழுதினது சரியில்லையாம். அந்தக் கடிதத்தைப் பாவிக்கவேண்டாமாம்.
ஆர் உதெல்லாம் பாக்கினம்! தூ.

ஜனவரி 28, செவ்வாய்
வாகீசன் லீவு போட்டுவிட்டு, இங்கே எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்குச் சாம்பவியைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பதிந்துவிட்டு வந்தார். அட்ரஸ், தடுப்பூசிக் கார்ட் எல்லாம் பார்த்தார்களாம்.
"வேற என்ன கேட்டவை?" என்றேன்.
சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.
"பிள்ளைக்குக் கச்சான் கடலை ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேட்டவை."