மச்சாளுக்கு நான் சொன்ன முடிவு

ஹோம்புஷ், 12 யூலை 2006, புதன்

மகள் வசந்தி ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் நாவலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்திருக்கிறாள். பாரிஸில் இருக்கும் என் மச்சாள் அதை வாங்கி, அகராதியும் கையுமாக இரண்டு மாதமாய் வாசிக்கிறாள். இருபது வருடம் அங்கே ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கியவள் வாசிக்கும் முதல் பிரெஞ்சுப் புத்தகம் அது.

இன்று பின்னேரம் ரெலிபோனில் ஒரே பெருமை. "இன்னும் பத்துப் பக்கம்தான் மச்சாள். ஆர் கொலைகாரன் எண்டு பிடிச்சிட்டன் போல கிடக்கு. பாவம், பிரெஞ்சு தெரியாததால மகள் எழுதினதை வாசிக்க உங்களுக்குக் குடுத்துவைக்கேல்லை."

என் கல்யாணத்தன்று கூறைச்சேலையை மலிவு என்று சபையில் சொன்ன அதே வாய். நாற்பத்தொரு வருடமாகியும் நான் மறக்கவில்லை. வசந்தி சமைக்கும்போது எனக்கு முழுக் கதையும் சொல்லியிருந்தாள்.

"கொன்றது பண்ணைக்காரன்ரை பெண்சாதி" என்றேன்.

மச்சாள், "ஓம், அப்ப சரி. அடுப்பில கறி கிடக்கு" என்று வைத்துவிட்டாள்.

வசந்தி வேலையால் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "அம்மா, மாமி முடிச்சிட்டாவாமோ? முடிவைப் பற்றி என்ன சொல்லுறா எண்டு கேக்கத்தான் காத்திருக்கிறன்."

மாமி இன்று எடுக்கவில்லை என்று சொன்னேன். நாளை வசந்தியே ரெலிபோன் எடுத்துக் கேட்பாள். மச்சாள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதுதான் எனக்கு நித்திரை வரவில்லை.