கார்த்திகை கடைசிப் புதன்

29.11.1993, திங்கள்

மில் ஆபீசுக்குப் போய்வந்தேன். நான் நுழைந்ததும் ஆபீசரே எழுந்து நின்றுவிட்டார். "நூற்பு டிபார்ட்மென்டே உம்மாலதான் ஓடிச்சு வே" என்றார். வாயால் சொல்லவில்லை, முகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆனால் ஓய்வு பெற்றவன் மில் வீட்டைக் காலி செய்தாக வேண்டுமாம். கார்த்திகையோடு தவணை முடிகிறது. வீட்டைப் பூதத்தானுக்கு ஒதுக்கியாகிவிட்டது. எனக்குக் கீழே வேலை பார்த்த பயல். கால்வாய்க் கரையில் குடிசை, மழைத்தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, அவன் பெண்டாட்டிக்கு ஏழு மாசம்.

என் வீட்டுக்காரி நீலாம்பாளிடம் இதைச் சொல்லவில்லை. பாளையங்கோட்டை டாக்டர், "இனி வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிடுங்க" என்றதைக்கூட, "நோய் பாதி இறங்கிட்டுதாம்" என்று மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். அஞ்சாம் வகுப்புக்கே இவ்வளவு சாமர்த்தியம். பத்து வரை படித்திருந்தால் நான் கலெக்டர்.

2.12.1993

ஒரு யோசனை பிடித்தேன். பதினாறாம் தேதி மார்கழி பிறக்கிறது. மார்கழியில் எவன் வீடு குடிபோவான்? அதுவரை இழுத்துவிட்டால் தை வரைக்கும் வீடு நமக்கு. தை வரைக்கும் அவள் – வேண்டாம், எழுத வேண்டாம்.

இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டில். மூன்று பிள்ளை பெற்றதும், ஒன்றைப் பறிகொடுத்ததும் அந்த உள் அறையில்தான். அவள் மூச்சும் இங்கேதான் நிற்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

6.12.1993

அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. தண்ணீர் மட்டும்.

10.12.1993

பூதத்தான் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, வார புதன்கிழமை வளர்பிறை. பால் மட்டும் காய்ச்சிக்கிடுதோம். நீங்க பைய காலி பண்ணுங்க."

"ஏலே, மாசக் கடைசியில எவம்லே பால் காய்ச்சுவான்? பாபநாசத்து ஜோசியனெல்லாம் எங்கிட்ட கேட்டுத்தான் நாள் குறிக்கான், தெரியுமா?"

பயல் பாதி நம்பிவிட்டான். அதற்குள் உள்ளேயிருந்து அவள் குரல்.

"யாரு வீட்டுல பால் காய்ச்சுதாவ?"

அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

11.12.1993

காலையில் கேட்டாள். "எனக்கு இன்னும் எத்தன நாளு?"

"நூறு வருசம்."

"ஒங்க பொய்யக் கேட்டுக் கேட்டுத்தான் இத்தன வருசம் சிரிச்சேன். இது வேண்டாம். அந்தப் புள்ள பால் காய்ச்சின பொறவு நான் இங்கன செத்தா, அதுக்குக் குடிவந்த வீடு சாவு வீடால்லா ஆயிரும்? புள்ளத்தாச்சி வேற. என்னய வடிவு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருங்க."

வடிவு எங்கள் மூத்த மகள். பேட்டையில் இருக்கிறாள்.

"பால் காய்ச்சவே விடமாட்டேன்" என்றேன்.

"அப்ப தை வரைக்கும் அது தண்ணிக்குள்ள கெடக்கட்டுமா?"

மில் யூனியனையே பேசிக் கவிழ்த்தவன் நான். எழுந்துபோய், வேன் ஓட்டும் பீர் மைதீனிடம் புதன்கிழமைக்குச் சொல்லிவைத்தேன்.

15.12.1993, புதன்

பூதத்தானின் பெண்டாட்டி பேச்சித்தாய் பால் செம்போடு வந்தாள். படியேறத் தயங்கினாள். நீலாம்பாள் தன்னைச் சுவரில் சாய்த்து உட்காரவைக்கச் சொன்னாள்.

"வலது கால வச்சு வா தாயி. இந்தத் தாழ்ப்பாள் மழைக்குப் பிடிச்சுக்கிடும், தூக்கி இழுக்கணும். குழாயில முதக் குடம் கலங்கலா வரும், செடிக்கு ஊத்திரு. தொட்டில நடு உத்தரத்துல கட்டு. காத்து நல்லா வரும்."

பால் பொங்கியது. முதல் டம்ளரைப் பேச்சித்தாய் கொண்டுவந்து அவளிடம்தான் நீட்டினாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அழுதது. "நல்ல நாளும் அதுவுமா, அழாத" என்று இவள் அதட்டினாள்.

பீர் மைதீன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். நானே தூக்கினேன். ஒரு கூடைப் பஞ்சின் கனம்கூட இல்லை. வாசலில் "நில்லுங்க" என்றாள். நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"பைய எறங்குங்க. படி வழுக்கும்."

16.12.1993

பேட்டை. பக்கத்தில் லேத் பட்டறை. "நம்ம மில் சத்தம் மாதிரியே இருக்குல்லா?" என்றேன். கொஞ்சமும் இல்லை. அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

19.12.1993, ஞாயிறு

விடியும்போது போய்விட்டாள்.

தகவல் கேட்டு, கிடைத்த பஸ்ஸில் பூதத்தான் வந்துவிட்டான். தூக்கும்போது முன்னால் வந்து நின்றான்.

"ஏலே, வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. பாடையத் தொடக் கூடாதுலே."

"சும்மா இரும் அண்ணாச்சி. இப்ப எங்க வீடா இருக்க அந்த வாசல்லருந்து போகவேண்டியவுக அவுக."

தோளைக் கொடுத்தான். கருப்பந்துறைச் சுடுகாடு வரைக்கும் ஆள் மாற்றவே இல்லை. காரியம் முடிந்து ஆற்றில் முங்கி, ஈர வேட்டியோடு பஸ் ஏறினான்.

சாயங்காலம் வடிவு கேட்டாள். "சுடுகாட்டுக்கு யாரெல்லாம் வந்தாவப்பா?"

பூதத்தான் வந்தான், என்றேன்.