சுத்தமான டிரம்

மார்ச் 4
லேபில் பாட்டில்களை நீராவியில் அவிக்கும் ஆட்டோகிளேவ் இன்றும் பாதியில் நின்றுவிட்டது. எண்பது பாட்டில் வீண். காலையில் வேண்டாத கிருமியை அவித்துக் கொல்வது, மாலையில் வேண்டிய கிருமியை ஊட்டி வளர்ப்பது, இதுதான் என் பிழைப்பு. வேருக்குக் காவல் நிற்கும் பச்சைப் பூஞ்சையை வளர்த்து, மாவில் கலந்து, பொட்டலம் போட்டு விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம். கால் இரண்டும் கடுக்கிறது.

அண்ணன் போன் செய்தான். தக்காளியில் நூறு செடிக்கு மேல் தலை தொங்கிவிட்டதாம். "மருந்து வேணாம், உன் பொட்டலம் போதும்னு சொன்னது நீதான்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

மார்ச் 6
லீவு போட்டுத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு தண்டைக் கீறினேன். உள்ளே பழுப்புக் கோடு. வாடல் நோயேதான். போன வருஷம் மருந்துக்கு மேல் மருந்து ஊற்றியும் தோட்டம் மொத்தமும் போனது இதனால்தான். மூன்று தடவை நம் பூஞ்சையைக் கரைத்து ஊற்றியிருக்கிறான். பிறகும் ஏன்?

"இதுவும் போச்சுன்னா தோட்டத்த வித்துட்டு எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுவேன்" என்றான் அண்ணன். நான் மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 10
அவன் மண்ணை வைத்த தட்டில் நம் பூஞ்சையின் தடயமே இல்லை. அதே பொட்டல மாவை வைத்த தட்டிலோ விளிம்பு வரை பச்சை. அப்படியானால் பொட்டலத்தில் குறை இல்லை. அப்புறம் எதில்? எனக்குத் தெரியாமல் பழைய மருந்தை ஊற்றியிருப்பானோ? அது பட்டால் நம் பூஞ்சையும் செத்துவிடுமே.

மார்ச் 11
போன் போட்டுக் கேட்டே விட்டேன். "பயந்துபோய் மருந்து ஊத்தினியா அண்ணா?"

"உன் பேச்சக் கேட்டதத் தவிர நான் வேற எதுவும் பண்ணல" என்று வைத்துவிட்டான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 12
அலுப்பு.

மார்ச் 14
அண்ணி போன் செய்தாள். "ரெண்டு நாளா அவர் சரியா சாப்பிடல. அவரப் போய் சந்தேகப்படலாமா? பொட்டலத்தக் கரைக்கிற டிரம் சுத்தமா இருக்கணும்னு நீ படிச்சுப் படிச்சு சொன்னியே, ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சாரு. கரைக்கிற தண்ணியிலயும் ஒரு கை போட்டாரு. ஒரு கிருமி இருக்கக் கூடாது, இருந்தா அவ திட்டுவான்னு."

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். மூன்று தடவையும் செத்த பூஞ்சையைத்தான் ஊற்றியிருக்கிறான், எனக்குப் பயந்து. பழைய மருந்தின் மிச்சம் டிரம்மில் ஒட்டியிருக்கக் கூடாது என்றுதானே நான் நினைத்தேன்? அதைச் சொன்னேனா? நாள் முழுக்க ஸ்பிரிட்டால் மேசை துடைக்கிறவள் சுத்தம் என்று சொன்னால் அவன் வேறு என்னவென்று எடுத்துக்கொள்வான்? சே, நானெல்லாம் அடுத்தவனுக்கு யோசனை சொல்ல வந்துட்டேன்.

மார்ச் 15
நேரில் போய்ச் சொன்னேன், தப்பு என் மேல்தான் என்று. அவன் செத்த செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தான். அறுநூறு போய்விட்டது.

"கிருமின்னா எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றான். "இது உயிரோட இருக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ."

மறுபடி ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "போதும், விடு" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மார்ச் 19
ஆட்டோகிளேவைச் சரிசெய்துவிட்டார்கள். அண்ணனிடமிருந்து போன் இல்லை.

மார்ச் 23
மதியம் லேப் வாட்ச்மேன் உள்ளே வந்து, "உங்களத் தேடி ஒருத்தர் டிரம்மோட நிக்கிறாரு" என்றார்.

அண்ணன்தான். பைக்கின் பின்னால் நீல டிரம்மைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். முகத்தைப் பார்க்காமல் இறக்கி வைத்தான். "நீயே கழுவிக் காட்டு."

வாசல் குழாயடியில் வெறும் தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசிக் கவிழ்த்தேன். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோப்புகூட வேணாமா?"

"வேணாம்."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் அண்ணா."

டிரம்மைத் திரும்பக் கட்டினான். முடிச்சை இறுக்கியபடியே சொன்னான்: "மிச்சம் ஆயிரத்தி நானூறு செடி நிக்குது. வெயில் தாழ்ந்துதான் ஊத்தணும்னு சொன்னியே. மணி மூணாச்சு, பொட்டலத்தக் கொடு."