தலைப்பில் கிணறு இல்லை

சேசு மரி சூசை துணை

தருமபுரம், காரைக்கால்
12-12-1979

அன்பு மகன் செல்வநாதனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தங்கச்சியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறோம், ஏனாமில் நீயும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இதில் நல்ல செய்தி இல்லை தம்பி, உட்கார்ந்து படி. பக்கத்து வீட்டு சஃபியாவின் மகள் ஜன்னத்து போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள். வாந்திபேதி. ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றியும் நிற்கவில்லை. மழையில் சாக்கடை உடைந்து நம் தெருக் கிணற்றில் இறங்கியிருக்கிறது, அது முனிசிபல் ஆபீஸுக்குத் தெரிந்து, பிள்ளை படுப்பதற்கு முன்னாடியே நோட்டீஸும் ஒட்டிவிட்டார்கள். ஆனால் மேலே பெரிய எழுத்தில் ‘பொது அறிவிப்பு’ என்று மட்டும் இருந்தது. வீட்டு வரிக்கும் அதே தலைப்பு, நாய்க்கு ஊசி போடுவதற்கும் அதே தலைப்பு. கீழே ஆணை எண், சட்டம் என்று போய்க் கடைசி வரியில்தான் கிணறு வந்தது. சஃபியா வீட்டுக்காரர் காஜா மைதீன் படிக்கத் தெரிந்தவர்தான், மேலே மட்டும் பார்த்துவிட்டு “வரி கேட்டுருக்காங்க, வேறென்ன” என்று சொல்லிக்கொண்டே கடைக்குப் போனார். அடக்கம் முடிந்து வந்த பிறகுதான் அதை முழுக்கப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். சஃபியா என் கையைப் பிடித்துக்கொண்டு “அக்கா, நாந்தானே மொண்டு குடுத்தேன்” என்கிறாள்.

மறுநாள் காஜா மைதீன் அடுப்புக்கரியை எடுத்துப் போய்க் கிணற்றுச் சுவரில் ‘குடிக்காதீங்க, புள்ள செத்துப்போச்சு’ என்று எழுதினார். படிக்கத் தெரியாத காசியம்மாகூட என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு குடத்தோடு திரும்பிப் போனாள். ஆபீஸிலிருந்து வந்தவர் பொதுச்சுவரில் எழுதக் கூடாது என்றதற்கு, “அழிச்சிட்டுப் போங்க, நாளைக்கும் எழுதுவேன்” என்றார். வந்தவர் அழிக்காமலே போய்விட்டார். நீயும் அங்கே நோட்டீஸ் எழுதுகிற வேலையில் இருக்கிறாய், அதனால்தான் இத்தனையும் சொல்கிறேன். எண்ணும் தேதியும் கீழே கிடக்கட்டும். எந்தத் தெரு, என்ன ஆபத்து, என்ன செய்யக் கூடாது, அதை மேலே போடு, நடந்து போகிறவர் நிற்காமலே படித்துவிட வேண்டும். ஒன்றுக்கு வைத்த தலைப்பை இன்னொன்றுக்கு வைக்காதே. வழக்கம் அப்படி இல்லை என்று ஆபீஸில் பெரியவர்கள் சொன்னால் கோபப்படாமல் எடுத்துச் சொல், விட்டுவிடாதே. தங்கச்சி இசபெல்லா இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட வேண்டாம் என்கிறாள், ஜன்னத்துதான் அவளுக்குக் காகிதம் ஒட்டிக் கொடுப்பாளாம்.

தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஒன்றை மட்டும் மறக்காதே, லீவுக்கு வரும்போது பழக்கத்தில் அந்தப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே.

உன் அம்மா
லூர்தம்மாள்