கடைசி பெஞ்சில் யாரும் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வேதாரண்யத்தில் மழை விட்டதா? முட்டிவலி தேவலையா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நான் நலம்.

கம்பத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை நிற்கிறது. நேற்று பத்தாம் வகுப்பில் முதல் பாடம், பிதாகரஸ் தேற்றம். முடித்ததும், பயிற்சிக் காலப் பழக்கத்தில் பாடக்குறிப்பை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து கவனிக்கும் வழிகாட்டி ஆசிரியை இனி ஏது? யுவராணி என்ற மாணவிதான் பயந்துபோய் எழுந்தாள்.

சமாளிக்க, "புரிஞ்சுதாம்மா?" என்றேன்.

"திராட்சைப் பந்தல் மூலையில நிக்கிற கல்லுத்தூணு சாயாம இருக்க எங்கய்யா கம்பிய இழுத்துத் தரையில கட்டுவாக. அந்தக் கம்பிதான டீச்சர் கர்ணம்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது அப்பா. புத்தகத்தில் அது இல்லை, நானும் சொல்லவில்லை. நான் கரும்பலகையில் போட்ட கோடு அவள் தோட்டம்வரை போய்விட்டது!

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். ஒருத்திக்கு உலை வைக்க அளவு பிடிபடவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது.

மணி அடித்துவிட்டது. முட்டிவலி குறைந்ததும் ஒருநாள் வாருங்கள் அப்பா. கடைசி பெஞ்சில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

உங்கள் மகள்,
தமிழரசி