கிண்ணத்துக்கு எத்தனை கிராம்

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் மூட்டுவலி தணிந்திருக்க அல்லாஹ் அருளட்டும். அல்மாட்டியில் நான் நலம்.

நீங்கள் கிண்ணத்தால் அளந்து சுடும் ரொட்டியை, நான் வேலை செய்யும் பேக்கரியில் செய்யச் சொன்னார்கள். இங்கே எல்லாம் தராசில்தான். என்னோடு அங்கேயே வேலை செய்யும் அறைத்தோழி சுலைஹோவிடம் கேட்டேன். "கிண்ணம் தண்ணி இருநூறு கிராம்னா, மாவும் இருநூறுதான்டி," என்றாள். நம்பி நிறுத்தேன். ரொட்டி கல்லாகிவிட்டது, எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மறுநாள் அவளே கிண்ணத்துக்கு நூற்றிருபது கிராம் மாவு போட்டு அதே ரொட்டியைச் சுட்டாள். இப்போது அடுப்புக்கு அவள்தான் தலைமை.

"தெரிஞ்சேதான் தப்பா சொன்னியா?" என்று கேட்டேன்.

"நீ ஏன்டி என்னைக் கேட்ட?" என்றாள்.

உங்கள் கிண்ணத்தை அனுப்புங்கள், இனி நானே நிறுத்துக்கொள்கிறேன். கம்பளிக் காலுறையும் வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது. உங்களுக்குத் தன் சலாமையும் எழுதச் சொல்லி வாசலில் நிற்கிறாள் சுலைஹோ. எழுதாமலேயே எழுதிவிட்டதாகச் சொன்னேன்.

உங்கள் மஹ்லியோ