படிக்கட்டு வரிசையில் ஓர் உயர்வு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? நான் சௌக்கியம். இங்கே போர் ஒரு பக்கம் நடக்க, அரசு ஊழியர் சம்பளத்தை நாங்கள் சீர்திருத்திக்கொண்டிருக்கிறோம். கஜானா காலி என்பதால் யாருக்கும் ஊதிய உயர்வு கிடையாது. பதவி நிலைகளை மட்டும் மாற்றி அடுக்கினோம்.

போன வாரம் வேலை நடுவே அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் நிலவறைக்கு இறங்கப் படிக்கட்டில் நின்றோம். எங்கள் ஆபீஸில் மேல்பதவிக்காரரை முந்திக்கொண்டு யாரும் இறங்குவதில்லை. பெரிய அதிகாரியோ பீரோவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குண்டு விழுந்தா பூட்டு தாங்குமா சார்? வாங்க சார்!" என்று கடைசியில் நின்ற பியூன் கத்தினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

புது உத்தரவில் எனக்குப் பதவி உயர்ந்திருக்கிறது. சம்பளம் பழையதுதான், ஆனால் வரிசையில் முன்னால் வந்துவிட்டேன். பியூன் அண்ணன் மட்டும் அதே இடத்தில்தான்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அனுப்பி வை. நிலவறையில் ரொம்பக் குளிராம். இத்தனை நாள் எனக்கு அது தேவைப்படவில்லை. என் முறை வருவதற்குள் எப்போதும் ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஊதிவிடும்.

உன் மகன்